ஃபெர்ரிக் அயோடைடுக்கு மதிப்பெண் உண்டா?

கேள்வி: 11 ஜூன் 2024

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இணைதிறன்களைக் குறுக்காக மாற்றி வாய்பாடு எழுதும் பயிற்சியில் அவளுக்கு நான்கு பெயர்கள் தரப்பட்டிருந்தன: அம்மோனியம் ஹைட்ராக்சைடு, சில்வர் ஹைட்ராக்சைடு, அலுமினியம் கார்பனேட், ஃபெர்ரிக் அயோடைடு. நான்கையும் பிழையில்லாமல் எழுதி முடித்துவிட்டு, இவற்றில் ஒன்றுகூட உண்மையில் கிடையாது என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறாள். இல்லாத பொருளுக்குப் பெயரும் வாய்பாடும் எதற்கு?

11 ஜூன், இரவு

உங்கள் மகள் படித்தது சரி. மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த நான்கையும் நானே எத்தனையோ வினாத்தாள்களில் கேட்டிருக்கிறேன். அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று ஒட்டிய பாட்டிலுக்குள் இருப்பது நீரில் கரைந்த அம்மோனியா. வெள்ளி நைட்ரேட் கரைசலில் எரிசோடாவை ஊற்றினால் விழும் பழுப்பு நிற வீழ்படிவு ஹைட்ராக்சைடு அன்று, ஆக்சைடு. படிகாரக் கரைசலில் சலவைச் சோடாவைக் கொட்டினால் கிடைப்பது கார்பனேட் அன்று. கார்பன் டைஆக்சைடு நுரைத்து வெளியேற, அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ்போல மிஞ்சும். மூன்று இணைதிறன் கொண்ட இரும்பான ஃபெர்ரிக் அயனியும் அயோடைடு அயனியும் ஓரிடத்தில் இருக்கச் சம்மதிப்பதில்லை. அயோடைடு தன் எலக்ட்ரானை இரும்பிடம் கொடுத்து அயோடினாகிவிடும், இரும்பு இணைதிறன் இரண்டாகக் குறைந்து ஃபெர்ரஸ் ஆகிவிடும்.

ஆகவே நான்கும் இல்லாதவை. ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

12 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்தபோது உறுத்தலாக இருந்தது, ஏனெனில் என்னிடம் ஒரு மாணவி சொன்னபோது நான் கேட்கவில்லை. அரையாண்டுத் தேர்வொன்றில் ஃபெர்ரிக் அயோடைடின் வாய்பாட்டைக் கேட்டிருந்தேன். அவள் ஓர் இரும்பு, மூன்று அயோடின் என்று சரியாக எழுதி, பிறகு அதைக் கோடிட்டு அடித்து, "இப்படி ஒன்று இருக்காது" என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். அடித்த விடையைத் திருத்துவதில்லை என்பது என் வழக்கம். ஆகவே சுழியம் போட்டேன். விடைத்தாளைக் கொடுத்த அன்று அவள் மேசையருகே வந்து, "சார், நீங்கதானே அயோடைடு ஃபெர்ரிக்கை ஒடுக்கும்னு போன மாசம் நடத்தினீங்க" என்றாள். நடத்தினேன்தான். பாடத்தில் நடத்துவது வேறு, வாய்பாடு கேட்பது வேறு என்று எதையோ சொல்லி அனுப்பிவைத்தேன். அந்த ஒரு மதிப்பெண் இன்னும் என் கணக்கில் பாக்கியாக நிற்கிறது.

13 ஜூன்

அம்மோனியம் ஹைட்ராக்சைடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. அறை வெப்பநிலையில் லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் செறிவுள்ள அம்மோனியாக் கரைசலை எடுத்துக்கொண்டால், அதில் நூறு அம்மோனியா மூலக்கூறுகளுக்கு ஒன்றுக்குச் சற்றே கூடுதலாகத்தான் நீரிடமிருந்து புரோட்டானைப் பெற்று அம்மோனியம் அயனியாக மாறியிருக்கும். மீதமுள்ளவை அம்மோனியாவாகவே நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அம்மோனியம் அயனி உண்டு, ஹைட்ராக்சைடு அயனியும் உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்த மூலக்கூறு என்று தனியாக எடுத்துக்காட்டக்கூடியது எதுவும் இல்லை. உள்ளே பிரியாத மூலக்கூறுகளாக ஒரு பெருங்கூட்டம் இருந்து, அதில் சிறிதளவே அயனியாகப் பிரிவதால்தான் அது வலிமை குறைந்த காரம் என்று பழைய நூல்கள் விளக்கின. அந்த விளக்கத்தை நானும் பல ஆண்டுகள் நடத்தினேன். காரம் வலிமை குறைந்ததாக இருப்பதற்குக் காரணம் அம்மோனியா புரோட்டானை ஏற்கத் தயங்குவது; இல்லாத ஒரு மூலக்கூறு பிரியத் தயங்குவதன்று.

உப்புப் பகுப்பாய்வில், அலுமினியம் போன்ற உலோகங்களைக் கண்டறியும் மூன்றாம் தொகுதிக்கு "அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்க்கவும்" என்று எழுதாமல் தேறிய மாணவர் யாரும் இருக்க முடியாது. அந்தப் பெயரைச் சொல்லிச் சேர்த்தாலும் அலுமினியம் வீழ்படிவாகத்தான் செய்கிறது.

13 ஜூன், பிற்பகல்

"அப்படியானால் அம்மோனியாவும் நீரும் ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் சேர்ந்த படிகம் இருப்பதாகச் சொல்கிறார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. மைனஸ் 79 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும் படிகம் அது. அணுக்களை எண்ணிப் பார்த்தால் அம்மோனியம் ஹைட்ராக்சைடின் வாய்பாடுதான் வரும். ஆனால் படிகத்துக்குள் அம்மோனியம் அயனியும் இல்லை, ஹைட்ராக்சைடு அயனியும் இல்லை. அம்மோனியாவும் நீரும் அவையவையாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. கணக்கு பொருந்துகிறது, பெயர் பொருந்தவில்லை. ஆகவே என் முதல் குறிப்பில் திருத்தம் எதுவும் இல்லை; இருந்தாலும் "இல்லை" என்ற சொல்லை இனிச் சற்று நிதானமாகப் பயன்படுத்த வேண்டும் போலிருக்கிறது.

15 ஜூன்

கோலி சோடாவில் கார்பானிக் அமிலமும் கிடையாதா என்பது அடுத்த கேள்வி. மிகக் குறைவாக உண்டு. நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு மூலக்கூறுகள்தான் எந்த நேரத்திலும் அமிலமாக இருக்கும்; மற்றவை கரைந்த வாயுவாகவே இருக்கும், கோலியை அழுத்தியதும் சீறிக்கொண்டு வருவது அதுதான். கார்பானிக் அமிலம் மிக வலிமை குறைந்தது என்று நாம் சொல்வதுகூட அந்தக் கரைந்த வாயு முழுவதையும் அமிலமாகக் கணக்கில் எடுப்பதால் வரும் முடிவு. உண்மையான அமில மூலக்கூறுகளை மட்டும் எண்ணினால் அது வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தைவிட வலிமையானது.

தனிப்பொருளாக அது இருக்க முடியாது என்று நான் படித்த நூல்கள் அடித்துச் சொல்லின. 1990-களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகர ஆய்வாளர்கள் கடுங்குளிரில் அதைத் திண்மமாகச் செய்து காட்டினார்கள். 2000-இல் அதே குழுவினர் வெளியிட்ட கணக்கீடு இன்னும் வியப்பானது: ஒரு துளி நீரும் அண்டாமல் தனித்திருக்கும் கார்பானிக் அமில மூலக்கூறின் அரை ஆயுள், அறை வெப்பநிலையில், ஏறத்தாழ 1,80,000 ஆண்டுகள். நீர் மூலக்கூறு ஒன்றிரண்டு பக்கத்தில் வந்தால் அது மணிக்கணக்காகச் சுருங்கிவிடும், ஏனென்றால் நீர்தான் புரோட்டானைக் கைமாற்றிவிட்டு அமிலம் உடைய வழி செய்கிறது. எந்த நீரில் அதைத் தேடிக்கொண்டிருந்தோமோ அந்த நீரே அதை உடைத்துக்கொண்டிருந்தது.

15 ஜூன், இரவு

மேலே எழுதியதில் ஒரு பகுதி அரைகுறை. அந்தக் குழுவினர் இரண்டு வகைத் திண்மங்களைச் செய்ததாக அறிவித்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று மெத்தனால் கரைசலிலிருந்து கிடைத்தது. அந்த வகை கார்பானிக் அமிலமே அன்று, மெத்தனால் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்ட அதன் எஸ்டர் என்று 2014-இல் ஜெர்மனியின் கீசன் நகரத்திலிருந்து வேறொரு குழு காட்டியது. இருபது ஆண்டுகளாகக் கார்பானிக் அமிலம் என்ற பெயரில் அதற்கு நிறமாலை அட்டவணைகளெல்லாம் இருந்தன. இல்லாததென்று சொன்னவர்கள் தோற்றார்கள், இருக்கிறதென்று சொன்னவர்களும் பாதி தோற்றார்கள். மற்றொரு வகைக்கு மறுப்பு எதுவும் வரவில்லை.

18 ஜூன்

இந்த மூன்று நாட்களில் நான் தேடிப் படித்ததில் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது ஃபெர்ரிக் அயோடைடுதான். 1988-இல் யூன், கோச்சி என்ற இருவர் அதைத் தயாரித்திருக்கிறார்கள். இரும்போடு நான்கு கார்பன் மோனாக்சைடும் இரண்டு அயோடினும் சேர்ந்த சேர்மத்தை எடுத்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில், காற்றும் ஈரமும் சிறிதும் புகாமல், குளிரில் வைத்து, அயோடினோடு சேர்த்து ஒளியைப் பாய்ச்சியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு கழன்று போக, கறுப்பான ஃபெர்ரிக் அயோடைடு படிந்தது. அதாவது என் மாணவி அரையாண்டுத் தேர்வு எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது ஓர் ஆய்வகக் குடுவையில் இருந்திருக்கிறது.

ஆகவே அவள் எழுதியது தவறா? நீரில் இருக்காது என்று எழுதியிருந்தால் முழுச் சரி. அவள் படித்த வேதியியல் முழுவதும் நீரில்தான் நடந்தது. அவளுக்கு ஹெக்சேனைப் பற்றிச் சொல்லிக்கொடுக்காதவன் நான். அவளுடைய விடையில் குறைந்தது ஒரே ஒரு சொல், என்னுடைய கற்பித்தலில் குறைந்தது அதைவிடக் கூடுதல்.

19 ஜூன்

"இருக்க முடியாது" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களில் பெரியவர்களும் உண்டு. குளோரினோடு நான்கு ஆக்சிஜன் சேர்ந்த பெர்குளோரேட் உண்டு, பெர்அயோடேட் உண்டு, நடுவிலுள்ள புரோமினுக்கு மட்டும் பெர்புரோமேட் கிடையாது என்பது நீண்ட காலம் பாடநூல் உண்மையாக இருந்தது. ஏன் கிடையாது என்று ஆர்பிட்டல்களைக் கொண்டு அழகாக விளக்கும் கட்டுரைகளும் வந்தன. 1968-இல் சிகாகோ அருகிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் எவன் ஆப்பெல்மன் அதைச் செய்துவிட்டார். முதலில் அவர் செய்த வழி வேதியியலே அன்று என்று சொல்லத் தோன்றும்: நான்கு ஆக்சிஜன்களோடு பிணைந்திருந்த கதிரியக்கச் செலினியம்-83 ஒரு பீட்டாத் துகளை உமிழ்ந்து புரோமின்-83 ஆகியது, ஆக்சிஜன்கள் நான்கும் தங்கள் இடத்திலேயே இருக்க, நடுவிலிருந்த தனிமம் மட்டும் மாறிவிட்டது. வீட்டுக்காரர் மாறினாலும் குடித்தனக்காரர்கள் காலி செய்யாத வீடு போல.

பிறகு அவர் சீனான் டைஃப்ளூரைடால் புரோமேட்டை ஆக்சிஜனேற்றம் செய்தும் அதைப் பெற்றார். அந்தச் சீனான் டைஃப்ளூரைடும் 1962-க்கு முன்பு இல்லாத பட்டியலில் இருந்ததுதான். இல்லாத ஒன்றைக் கொண்டு இல்லாத இன்னொன்றைச் செய்திருக்கிறார்.

ஆர்சனிக் பென்டாகுளோரைடு இதே வகை. மேலேயிருக்கும் பாஸ்பரசுக்கும் கீழேயிருக்கும் ஆன்டிமனிக்கும் உண்டு, இதற்கு மட்டும் இல்லை என்றார்கள். 1976-இல் கொன்ராட் செப்பெல்ட் மைனஸ் 105 டிகிரியில் திரவக் குளோரினுக்குள் புற ஊதா ஒளியைச் செலுத்தி அதைப் பெற்றார். மைனஸ் 50 டிகிரியிலேயே அது சிதைந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித் தாளில் அதற்கு என்ன விடை எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

20 ஜூன்

பெயர்களைப் பற்றி. நாட்டு மருந்துக் கடையில் வீரம், பூரம், துருசு, அன்னபேதி, நவச்சாரம் என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றை மடித்துக் கொடுப்பார். இந்தப் பெயர்களில் இல்லாத பொருள் என்று ஒன்று இருக்கவே முடியாது, ஏனென்றால் பொருள் முதலில் கையில் இருந்தது, பெயர் பிறகு வந்தது. சிக்கல் தொடங்கியது 1787-இல் பாரிசில். கிதோன் தெ மொர்வோ, லவாய்சியர், பெர்த்தொலே, ஃபூர்குரோவா நால்வரும் சேர்ந்து, எதனால் ஆனதோ அதைக் கொண்டே பெயரிட வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தார்கள். அன்று முதல் ஒரு சேர்மத்தின் பெயரை அந்தப் பொருளைப் பார்க்காமலேயே உருவாக்க முடியும். வீரத்தை மெர்க்குரிக் குளோரைடு என்று சொல்லத் தெரிந்தவன் மெர்க்குரிக் என்பதோடு எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்; வீரம் என்று மட்டும் சொல்லத் தெரிந்தவனால் அது முடியாது.

அந்த முறையின் முதல் பலிகளில் அதை வகுத்தவர்களே உண்டு. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று லவாய்சியர் நம்பியதால், நாம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று சொல்வது மியூரியாட்டிக் ரேடிக்கல் என்ற ஒரு தனிமத்தின் ஆக்சைடு என்றும், அந்தத் தனிமம் இன்னும் பிரித்தெடுக்கப்படவில்லை என்றும் 1789-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. குளோரின் வாயுவோ ஆக்சிமியூரியாட்டிக் அமிலம் எனப்பட்டது. அதில் ஆக்சிஜனே இல்லை, அது ஒரு தனிமம் என்று ஹம்ஃப்ரி டேவி 1810-இல் சொல்லும்வரை, இல்லாத ஒரு தனிமத்துக்கு ஓர் இடம் காலியாக வைக்கப்பட்டிருந்தது. அதே பட்டியலில் பக்கத்திலேயே ஃப்ளூரிக் ரேடிக்கல் என்றும் ஒன்று காலியாக இருந்தது. அது 1886-இல் மோய்சான் கையில் ஃப்ளூரினாகக் கிடைத்தது. ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு காலி இடங்கள். ஒன்றுக்கு ஆள் வந்தார், மற்றொன்றுக்கு வருவதற்கு ஆளே இல்லை.

22 ஜூன்

பொருளும் உண்டு, வாய்பாடும் சரி, பெயர் மட்டும் பொய் சொல்லும் நிலையும் உண்டு. தாலியத்துக்கு ஒன்று, மூன்று என இரண்டு இணைதிறன்கள் உண்டு. ஒரு தாலியம், மூன்று அயோடின் சேர்ந்த சேர்மம் உண்மையிலேயே உண்டு. மாணவர் அதைத் தாலிக் அயோடைடு என்று எழுதுவார், குறுக்கு முறையில் அதுதான் வரும். உள்ளே இருப்பது ஒற்றை மின்சுமை கொண்ட தாலியமும், மூன்று அயோடின்கள் கைகோத்த ட்ரைஅயோடைடு என்ற ஒரே அயனியும். ஃபெர்ரிக்கிடம் அயோடைடு செய்ததையே இங்கும் செய்துவிட்டது, ஆனால் விட்டுப் போகாமல் கூடவே தங்கிவிட்டது.

ஆல்பிரெட் ஸ்டாக் 1919-இல் உலோகப் பெயருக்குப் பக்கத்தில் ஆக்சிஜனேற்ற எண்ணை ரோமன் எண்ணில் எழுதும் முறையை முன்மொழிந்தார். நல்ல முறைதான். ஆனால் அந்த எண்ணை எழுத, உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதினால் பெயரே ஒரு தவறான கூற்றாகிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், தங்கள் பாடநூல்களில் கார்பன் டைஆக்சைடைக் காபனீரொட்சைட்டு என்று தமிழ் எண்ணையே பெயருக்குள் வைத்துவிடுவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். இந்த வகையில் அது பாதுகாப்பானது. ஈர் என்பது எத்தனை என்பதை மட்டும் சொல்கிறது, எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று வாக்குக் கொடுப்பதில்லை. கேலியம் டைகுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பொய்யன்று. ஆனால் அதில் இரட்டை மின்சுமை கொண்ட கேலியத்தைத் தேடினால் கிடைக்காது. பாதிக் கேலியம் ஒன்றாகவும் பாதி மூன்றாகவும் இருக்கிறது.

22 ஜூன், இரவு

சீனானைப் பற்றிக் கேட்டவருக்கு. 1962 மார்ச்சில் வான்கூவரில் நீல் பார்ட்லெட் சீனானையும் பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடையும் கலந்தபோது மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திண்மம் உடனே படிந்தது. ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க ஆகும் ஆற்றலும் சீனானிலிருந்து பறிக்க ஆகும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்று என்று அவர் கவனித்திருந்தார். சீனான் ஹெக்சாஃப்ளூரோபிளாட்டினேட் என்று பெயரிட்டார், மந்த வாயுக்கள் சேர்மம் தராது என்ற அத்தியாயம் அன்றோடு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் சொல்வது போன்ற எளிய ஒரு சேர்மம் அந்தத் திண்மத்தில் இல்லை. அது பல உப்புகளின் கலவை என்று பிறகு தெரிந்தது. பெயர் தப்பு, வாய்பாடு தப்பு, கண்டுபிடிப்பு மட்டும் சரி. என் வழக்கப்படி திருத்தினால் அவருக்கும் சுழியம்தான்.

24 ஜூன்

இல்லாமையால் பிழைப்பு நடப்பதற்கு ஓர் உதாரணம். இளநிலை வகுப்பில் தாமிரத்தை அளவறிய, காப்பர் சல்பேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்து, வெளிவரும் அயோடினை ஸ்டார்ச் வைத்துத் தயோசல்பேட்டால் தரம்பார்த்தோம். தாமிரமும் அயோடைடும் சேர்ந்த குப்ரிக் அயோடைடு நிலைத்திருந்தால் அயோடின் வெளிவந்திராது, சோதனையும் நடந்திராது. ப்யூரெட்டைத் திறந்து நீல நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்ட எவரும் ஒரு சேர்மம் இல்லாமலிருப்பதைத்தான் மில்லிலிட்டர் கணக்கில் அளந்துகொண்டிருந்தோம்.

இதற்கு நேர்மாறானது அம்மோனியம் நைட்ரைட். சூடாக்கினால் நைட்ரஜனும் நீருமாகச் சிதையும் என்று பள்ளிப் பாடத்திலேயே வரும். பிரஃபுல்ல சந்திர ராய் குறைந்த அழுத்தத்தில் அதைச் சிதையாமல் ஆவியாக்கி, ஆவியடர்த்தியையே அளந்து 1912-இல் லண்டனில் அறிவித்தார். சிதைவதும் உண்மை, சிதையாமல் ஆவியானதும் உண்மை, அழுத்தம்தான் வேறு.

27 ஜூன்

அலுமினியம் கார்பனேட்டை மறந்துவிட்டதாகக் கேள்வி கேட்டவர் நினைவூட்டினார். மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். நீரில் அது நிற்காது என்பதில் மாற்றமில்லை. அலுமினியம் அயனி சிறியது, மும்மடங்கு மின்சுமை கொண்டது, சுற்றியுள்ள நீரை அமிலமாக்கிவிடும். அந்த அமிலத்தில் கார்பனேட் வாயுவாகிப் பறந்துவிடும். நுரைத் தீயணைப்பான் இதே வினையைத்தான் பயன்படுத்தியது: ஒரு பக்கம் அலுமினியம் சல்பேட், ஒரு பக்கம் சோடியம் பைகார்பனேட். ஆனால் டாசனைட் என்று ஒரு கனிமம் உண்டு. சோடியம், அலுமினியம், கார்பனேட், ஹைட்ராக்சைடு நான்கும் அதில் அமைதியாகக் குடியிருக்கின்றன. அலுமினாவையும் கார்பன் டைஆக்சைடையும் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் அழுத்தி, லேசரால் சூடாக்கியபோது, கார்பனேட்டோடு பைரோகார்பனேட் அயனியும் கலந்த நீரற்ற அலுமினியச் சேர்மம் ஒன்று உருவானதாக 2023-இல் வெளிவந்திருக்கிறது. அதன் வாய்பாடும் பயிற்சித் தாளில் வரும் வாய்பாடும் ஒன்றல்ல. ஆகவே உங்கள் மகள் இன்னமும் வெற்றிதான், ஆனால் மயிரிழையில்.

28 ஜூன்

பயிற்சித் தாளை எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். "இந்த அயனிகள் சேர்ந்தால் மின்சுமை சமனாக எத்தனைக்கு எத்தனை வேண்டும்" என்று கேட்டால் நான்குக்கும் முழு மதிப்பெண் தரலாம், அது கணக்கு. "இந்தச் சேர்மத்தின் வாய்பாடு என்ன" என்று கேட்டுவிட்டு, அப்படி ஒரு சேர்மம் நீரில் நிற்காது என்று எழுதிய பிள்ளைக்குச் சுழியம் போடக்கூடாது. என் மாணவிக்கு இன்று திருத்தினால், அடித்த விடைக்கு அரை, பக்கத்தில் எழுதியதற்கு ஒன்று. மொத்தம் ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரை, தலைமையாசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

2 ஜூலை

நேற்று பழைய பள்ளிக்கு ஒரு வேலையாகப் போனபோது ஆய்வகத்துக்குள் எட்டிப்பார்த்தேன். மூன்றாம் தொகுதிப் பாட்டிலில் நான் என் கையால் எழுதி ஒட்டிய அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்ற சீட்டு, மஞ்சளாகிப் போய், இன்னும் இருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு அம்மோனியா நீர்க்கரைசல் என்று எழுதி ஒட்டலாம் என்று ஆய்வக உதவியாளரிடம் பேனா கேட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். என் பணிக்காலம் முழுவதும் அவர் அந்தப் பாட்டிலை லிக்கர் அம்மோனியா என்றுதான் சொல்லி வந்தார், நான்தான் திருத்திக்கொண்டே இருந்தேன். லிக்கர் என்றால் கரைசல். பேனாவைத் தேடிக்கொண்டே, "என்ன சார், லிக்கர் தீர்ந்திடுச்சா?" என்று கேட்டார்.